கறுப்பு ஜன்னலில் கையகல வெளிச்சம்

இன்று பக்கத்து வீட்டுக் கதவுக்குப் பெயின்ட் அடித்தார்கள். தரையில் சிந்தியதை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க, அந்த வாடை நம் அறைக்குள் வந்தது. உங்கள் சட்டையின் வாடை. அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சண்டைக் காலத்தில், குண்டு போட வரும் விமானத்துக்கு வெளிச்சம் தெரியக்கூடாதென்று துறைமுகத்துப் பக்கம் ஆபீஸ் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புப் பெயின்ட் பூசியிருந்தார்கள். சண்டை முடிந்ததும் அதைச் சுரண்டி எடுக்க ஆள் தேடினார்கள். நீங்கள் கிடங்கு வேலையை விட்டுவிட்டு ஏணி, மண்ணெண்ணெய் வாளி, பிளேடோடு தனியாளாகக் கிளம்பினீர்கள். பிள்ளை என் வயிற்றில் இருந்த நேரம். வேண்டாமென்று எவ்வளவோ சொன்னேன்.

"இன்னாமே பயப்படுற? மொதலாளியும் நாந்தான், கூலியும் நாந்தான். எந்த மேஸ்திரியும் இனிமே என்னை ஏச முடியாது."

அந்தச் சந்தோஷத்துக்கு முன்னால் என் பேச்சு எடுபடவில்லை.

ஒரு மத்தியானம் நீங்கள் வேலை செய்த கப்பல் கம்பெனி ஆபீசுக்குச் சோறு எடுத்துக்கொண்டு கல்மண்டபம் வழியாக நடந்து வந்தேன். வாசலில் கூட்டம். ஏணி முறிந்து ரோட்டில் கிடந்தது. பக்கத்தில் நசுங்கிய வாளி. உங்களைக் காணோம். மாதாவே என்று கத்திக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தேன்.

அப்போது ஆபீசின் பெரிய கதவு திறந்தது. முழங்கையெல்லாம் ரத்தமும் முகமெல்லாம் கறுப்புமாக நீங்கள் நடந்து வந்தீர்கள். பின்னாலேயே டைப் அடிக்கும் பெண் ஒருத்தி, கையில் சோடாவோடு.

ஏணி சறுக்கியதும் மாடி ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சுவரில் நீட்டியிருந்த கல்லில் கால்நுனியை ஊன்றி நின்றிருக்கிறீர்கள். கத்தியது டைப் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் சறுக்குவதற்கு முன்பே கண்ணாடியில் கையகலக் கறுப்பைச் சுரண்டி முடித்திருந்தீர்கள்.

"காகிதத்துல திடீர்னு வெயில் விழுந்துச்சும்மா. இன்னாடான்னு திரும்பிப் பார்த்தா, கண்ணாடியில இவரு முகம்!" என்றாள் அவள். அவள்தான் பக்கத்து ஜன்னல் கதவைத் திறந்து உங்கள் காலரைப் பிடித்தவள். மற்றவர்கள் ஓடிவந்து உள்ளே இழுத்திருக்கிறார்கள்.

நடுரோட்டில் உங்கள் மார்பில் குத்தினேன். குத்திக்கொண்டே அழுதேன்.

"பசிக்குதுமே, சோறு எங்க?" என்றீர்கள்.

சோற்றுத் தூக்கை எங்கே போட்டேனென்று எனக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அதன்பிறகு தொழிலை விடச் சொல்லவில்லை. இடுப்பில் கட்டத் தடித்த கயிறு வாங்கித் தந்தேன். தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனை வரைக்கும் உங்கள் சைக்கிளைத் தெரியாத வாட்ச்மேன் இல்லையென்று ஆனது. ஆனாலும் தினமும் சாயங்காலம் நீங்கள் சந்து திரும்பும்வரை என் மூச்சு முழுசாக வந்ததில்லை.

போன மாதம் காய்ச்சலில் நம் வீட்டுப் பாயிலேயே போனீர்கள். மகன் உங்கள் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தான். "இன்னா பொம்பளை இவ, கண்ணுல ஒரு சொட்டு தண்ணியில்லையே" என்று உங்கள் தங்கை முணுமுணுத்தாள். அவளுக்கு எப்படிச் சொல்வேன்? துக்கம் இருக்கிறது. ஆனால் எத்தனையோ வருஷமாக நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. எந்தத் தெருவிலும் யாரும் உங்களைக் கூட்டமாகச் சூழ்ந்து நிற்கவில்லை. உங்கள் தலை என் மடியில் இருந்தது.