ஆறரை அளவுக் கையுறை தீர்ந்துபோனது தொடர்பாக

அனுப்புநர்
முதுநிலைக் கிடங்குக் காப்பாளர்,
மருத்துவமனை மையக் கிடங்கு.

பெறுநர்
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: கையுறைத் தட்டுப்பாடு – 14ஆம் தேதி நான் அளித்த புகாரைத் திரும்பப் பெறுதல் – என் மீதே புகார் அளித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இக்கிடங்கில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். எது எப்போது தீரும் என்று அலமாரியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். சென்ற ஆண்டு இருப்புத் திட்டமிடலுக்கு நியமிக்கப்பட்டவர் என் சகலை. மனைவியின் தங்கை கணவர். ஒவ்வொரு பொருளும் நாளொன்றுக்கு எவ்வளவு செலவாகிறது, சப்ளையர் அனுப்ப எத்தனை நாளாகும், திடீர்த் தேவைக்குக் கூடுதலாக எவ்வளவு வைக்க வேண்டும் என்று பழைய சீட்டுகளிலிருந்து கணக்கிட்டார். இருப்பு அந்த அளவுக்கு இறங்கியதும் கணினியே ஆர்டர் போடும். எட்டு மாதமாக எதுவும் தீரவில்லை. பாதி அலமாரிகள் தேவையில்லை என்று கழற்றப்பட்டன.

2. ஆய்வுக் கூட்டத்தில் தாங்கள் அவரை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினீர்கள். பின்வரிசையில் நானும் தட்டினேன். வீட்டுக்குப் போனால் என் மனைவி, “அவர் கணக்குப் போட்டா போட்டதுதானாம், தங்கச்சி சொன்னா” என்றாள். என் வேலையைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அலுவல் மொழியில் இதற்கு வேறு சொல் தெரியவில்லை.

3. 2ஆம் தேதி முதல், ஆறரை அளவு அறுவைக் கையுறை வழங்கிய சீட்டுகளை நான் கணினியில் பதியவில்லை. பெட்டிகள் நிறைய இருப்பதாக நம்பி அது ஆர்டர் போடவில்லை. 9ஆம் தேதி மாலை நாற்பத்தொரு சீட்டுகளையும் ஒன்றாகப் பதிந்தேன். ஒரே நாளில் தேவை எகிறியதுபோல் தெரிந்தது. மறுநாள் இரண்டு அறுவை சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. வெறும் வயிற்றோடு காத்திருந்த ஒரு பெண்ணின் கணவர் கிடங்கு ஜன்னலுக்கே வந்து, “கையுறை இல்லைன்னா சார் திருப்பி அனுப்பினாங்க?” என்றார். “கம்ப்யூட்டர் கணக்கு தப்பாயிடுச்சு” என்றேன். அதையே புகாராகவும் எழுதினேன். சகலை பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

4. ஞாயிறன்று அவர் என் வீட்டுக்கு வந்து தரையில் தாள்களைப் பரப்பினார். “அண்ணா, எங்க தப்புப் பண்ணேன்னே தெரியல. இந்தக் கிடங்க உங்கள மாதிரி யாருக்குத் தெரியும்? நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்றார். “சில மாசம் அப்படித்தான் எகிறும், தம்பி” என்றேன். அதை நம்பி, கூடுதல் கையிருப்பு அளவை இருமடங்காக்கித் தங்களுக்குத் திருத்தக் கணக்கு அனுப்பிவிட்டார். தவறு தன்னுடையதே என்று வியாழக்கிழமை விசாரணையில் எழுதிக் கொடுக்கப் போகிறார். என்னை அவர் சந்தேகிக்கவே இல்லை. அந்த மனசைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வருகிறது.

5. உண்மைத் தேதியுள்ள நாற்பத்தொரு சீட்டுகளையும் இணைத்துள்ளேன். வியாழனுக்கு முன் அவரது பணியிடை நீக்கத்தை ரத்து செய்து, என் மீது நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன். இருமடங்காக்கிய அளவை ஏற்காமல் பழைய அளவையே வைக்கவும் வேண்டுகிறேன். அதுதான் சரியான அளவு. அதில் பிழை கண்டுபிடிப்பதற்காகவே பதினேழு முறை போட்டுப் பார்த்துவிட்டேன்.

இடம்: மையக் கிடங்கு
நாள்: 21, செவ்வாய்

‘உண்மையுள்ள’ என்ற சொல்லைத் தவிர்த்துக் கையொப்பமிடும்,
(ஒப்பம்)
முதுநிலைக் கிடங்குக் காப்பாளர்