பாடசாலைத் தூண்களும் கைமாறிய கடிதமும்

அனுப்புநர்:
ச. பிரேமினி,
7ஆம் இலக்க லயம் (தொழிலாளர் குடியிருப்பு), பன்னீர்மலைத் தோட்டம்,
மஸ்கெலியா.

பெறுநர்:
மேலதிகப் பணிப்பாளர்,
தோட்டப் பாடசாலைக் கட்டட வேலைகள் பிரிவு.

விடயம்: இரகசிய முறைப்பாட்டை ஒப்பந்தக்காரரிடமே கொடுத்தமை, ஒப்பந்தக்காரரின் ஊழியர்களுக்குப் பாதுகாப்புக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தோட்டப் பாடசாலையின் மாடிக் கட்டடத்தை உங்கள் பிரிவுக்காகக் கட்டும் ஒப்பந்தக்காரரிடம் பதினான்கு மாதம் வேலை செய்தேன். தூண்களுக்கு வார்க்கும் கொங்கிறீட்டில் சிறிது எடுத்துக் கட்டிகளாக்கி, உறுதி பார்க்க ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது என் பொறுப்பு.

2. சென்ற ஆகஸ்டில் ஒப்பந்தக்காரரின் முகாமையாளர் துஷாந்த் அந்தக் கட்டிகளை வீசிவிட்டு, சீமெந்து தாராளமாகக் கலந்து தனியாக வார்த்த கட்டிகளைத் தந்து, அவற்றில் தூண்களின் இலக்கங்களை எழுதச் சொன்னார். நான்கு முறை எழுதினேன். அது என் குற்றம், ஒளிக்கவில்லை. ஐந்தாம் முறை, காய்ந்த தூணொன்றை ஆணியால் கீறிப் பார்த்தேன். மணலாக உதிர்ந்தது. அந்தத் தூண்களின் மேல் நூற்றுநாற்பது பிள்ளைகள் உட்காரப் போகிறார்கள். அன்றே உங்களுக்கு எழுதினேன். என் பெயரை வெளியிட வேண்டாம் என்று முதல் வரியிலேயே கேட்டிருந்தேன்.

3. கடிதம் அனுப்பிய பதினோராம் நாள் துஷாந்த் வேலையாட்களை வரிசையில் நிறுத்தி என் கடிதத்தை வாசித்தார். அதன் மேல் உங்கள் அலுவலக முத்திரையும் “விளக்கம் தருக” என்ற குறிப்பும் இருந்தன. களவைப் பற்றி எழுதிய கடிதத்தைக் களவு செய்தவரிடமே அனுப்பி விளக்கம் கேட்கும் நிர்வாகத் திறமையை நான் வேறெங்கும் கண்டதில்லை. “லயத்துல பொறந்த புள்ள நமக்கு கொங்கிறீட்டு படிச்சுக் குடுக்குது” என்றார். சிலர் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அவர்களுக்கும் வேலை போகும். அன்று பகலே என்னை வெளியேற்றினார்கள்.

4. உங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை வந்தேன். இரண்டு முறை நீங்கள் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாம் முறை கதவு திறந்திருந்தது, தேநீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் எழுதுவினைஞர் வெளியே வந்து, “தங்கச்சி, நீங்க அரசாங்க ஆள் இல்லையே. ஒப்பந்தக்காரர்ட ஆளுக்கு நாங்க என்ன செய்ய ஏலும்?” என்றார். அந்தப் பிள்ளைகள் யாருடைய ஆட்கள் என்று கேட்டேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். உங்களிடம் பதில் இருக்குமென்றும் நான் எதிர்பார்க்கவில்லை.

5. ஆகவே பெற்றோரிடம் போனேன். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நடந்ததைச் சொன்னேன். கொழுந்து பறிக்கும் என் அம்மா வீரம்மா முன்னால் வந்து, “எம் மக நாலு தடவ பொய் எழுதியிருக்கா. இப்ப உண்மையச் சொல்றா, கேளுங்க” என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. திறப்பு விழாவுக்கு வாழைமரம் கட்டியிருந்தது, நீங்களும் வந்தீர்கள், பெற்றோர் ஒரு பிள்ளையைக்கூட அனுப்பவில்லை. நாடாவை வெட்டாமல் திரும்பினீர்கள். எங்கள் பாடசாலைக்கு நீங்கள் செய்த ஒரே நன்மை அதுதான். பிள்ளைகள் இன்னும் பழைய தகரக் கொட்டகையில் படிக்கிறார்கள்.

6. தூண்களைப் பெற்றோர் முன்னிலையில் துளையிட்டுச் சோதியுங்கள். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் முறையிட்டால் அவர்கள் பெயரை மறைக்கவும் வேலையைக் காக்கவும் எழுத்தில் உத்தரவு தாருங்கள். எந்தெந்தத் தூணில் கம்பியும் குறைவென்று தெரிந்த மேசன் ஒருவர் இன்னும் அந்த ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறார். உத்தரவைக் கண்ணால் பார்த்தால் வந்து காட்டுவதாகச் சொல்கிறார். அதுவரை அவர் பெயரை உங்களிடம் சொல்லமாட்டேன்.

திகதி: 18.02.2025
இடம்: மஸ்கெலியா

இங்ஙனம்,
ச. பிரேமினி