யாரோ வைத்த பொட்டு

மைனி,

நேற்றுக் காலை செம்பூர் ஸ்டேஷன் பக்கம் காற்றடிக்கிற ஆள், என் மூன்று சக்கர வண்டியின் இடது வீலைப் பார்த்ததும் பம்பைக் கீழே வைத்துவிட்டார். "ஆன்ட்டி, யே கிஸ்னே பனாயா?" இதை யார் செய்தது என்று கேட்டு ஒரே சிரிப்பு. டியூபில் காற்றடிக்கிற வாய்க்கு நேர் மேலேயே வீல் கம்பிகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே போனால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? "ஹமாரி பாபி", எங்கள் மைனி என்று மிடுக்காகத்தான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. நீங்கள் போய் இன்னும் வருசம் திரும்பவில்லை. அதற்குள் உங்களைப் பற்றி ஒருவர் கேட்கிறார், அதுவும் ரோட்டில் வைத்து!

நீங்கள் கல்யாணமாகி தாராவிக்கு வந்தபோது, நாத்தனாரும் மைனியும் ஒரே அறையில் ஒரு மாசம் தாங்கமாட்டார்கள் என்று சந்து முழுக்கப் பேச்சு. சண்டை போட்டோம்தான், யார் இல்லை என்றது? சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் சூம்பிப்போய் மூலையில் உட்கார்ந்திருந்த எனக்கு வாய் மட்டும்தான் ஓடியது. அண்ணன் சைக்கிள் கடையிலிருந்து ரிம்மும் கம்பியும் வீட்டுக்கு வரும். நீங்கள் கோத்துக் கொடுப்பீர்கள். வேலை தொடங்குமுன் ரிம்மில் காற்றடிக்கிற வாய் வரும் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு குங்குமப் பொட்டு வைப்பீர்கள். அங்கேதான் முதல் கம்பி. அதற்குப் பிறகு பார்க்கவே வேண்டாம், கை தானாக ஓடும்.

"பூக் கட்டுத மாதிரி கோக்கியளே மைனி, தலையில வச்சுக்கிட வேண்டியதான?" என்பேன்.

"ஒந் தலையில வச்சா கழுத்து ஒடிஞ்சிரும், போட்டி" என்பீர்கள்.

அறுபதுகளின் நடுவில் செம்பூரில் ரேடியோவுக்குப் பாகம் பூட்டும் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. உட்கார்ந்து செய்கிற வேலை, திங்கட்கிழமை வரவேண்டும், வராவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். "நான் கேரியர்ல வச்சுக் கொண்டு விட்டுருதேன்" என்றான் அண்ணன். அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். எனக்குத்தான் பிடிக்கவில்லை. நீங்கள் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னீர்கள்: "நீங்க தூக்கிட்டுப் போனா, அவ உங்க நேரத்துக்குத்தான போவா? அவ நேரத்துக்கு எப்பம் போவா?"

அண்ணன் அன்றைக்கே வேலையில் இறங்கினான். கையால் சுற்றி ஓட்டுகிற வண்டி ஒன்றைச் செய்தான். சாதாரண சைக்கிள் ரிம்தான் போட்டான். ஓட்டிப் பழகப் போன அன்றே சயான் பக்கத் திருப்பத்தில் வேகமாக ஒடித்துத் திருப்பினேன், இடது வீல் அப்பளமாக நெளிந்து நான் ரோட்டில் கிடந்தேன். முழங்கை தேய்ந்து ரத்தம். அண்ணன் என்னைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் இறக்கி, "போதும்ட்டி. உயிரோட இரு, அது போதும்" என்றான். அன்றைக்கு அழுத அழுகை இப்போதும் நெஞ்சில் இருக்கிறது.

நீங்கள் அழவில்லை. நெளிந்த வீலை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "சைக்கிள்னா திரும்பையில ஆளோட சேந்து சாயும். இது சாயாதுல்லா? கனம் பூரா வீலுக்குப் பக்கவாட்டுல விழுது. பாவம், அது என்ன செய்யும்?" என்றீர்கள். மறுநாளே குர்லாவுக்குப் போய்ப் பழைய இரும்புக் கடையில், ஐஸ் வண்டி ஒன்றிலிருந்து கழற்றிப் போட்ட தடித்த ரிம்களைக் கண்டுபிடித்தீர்கள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, தரையில் படுக்கப் போட்டு ஆடுகிறதா என்று அமுக்கிப் பார்த்து, எடுத்ததையும் கழித்ததையும் மறுபடி பார்த்து... மாப்பிள்ளை பார்க்கிறாயா, ரிம் பார்க்கிறாயா என்று கடைக்கார பாய் கேட்டாராம். "மாப்பிள்ளைய இம்புட்டுப் பாத்திருந்தா நான் ஒங்க அண்ணனையா கட்டிருப்பேன்?" என்று வீட்டுக்கு வந்து சொன்னீர்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அண்ணனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெய் போட்டுத் துரு தேய்த்து, தடித்த கம்பியாகக் கோத்து, பெண்டு எடுத்து முடித்தீர்கள். திங்கட்கிழமை காலை டியூப் மாட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. இடது வீலில் காற்றடிக்கிற வாய், கம்பிகள் பின்னிக் குறுகும் இடத்தில் வந்து நிற்கிறது. பம்பு நுழைய இடமில்லை. நீங்கள் குனிந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டீர்கள். அந்த ரிம்மில் நீங்கள் பொட்டே வைக்கவில்லை. ஐஸ்காரர் தசராவுக்கு வண்டிக்குப் பூஜை போட்டு எண்ணெயில் குழைத்து வைத்த பொட்டு, எவ்வளவு தேய்த்தும் போகாமல் வேறொரு இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பொட்டைப் பார்த்ததும் உங்கள் கை அங்கிருந்தே ஓடிவிட்டது.

"கழத்திக் கோக்கணும். இன்னைக்கு ஆவாது" என்றான் அண்ணன். அவன் முகத்தில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது, அதுதான் எனக்கு ஆத்திரம்.

"வாய் கோணலா இருந்தா சோறு எறங்காதா?" என்றீர்கள். பம்பின் ரப்பர்க் குழாயை மடக்கி, விரலால் கம்பிகளுக்கு நடுவே திணித்துப் பிடித்துக்கொண்டு, "அடிங்க" என்றீர்கள். அண்ணன் அடித்தான். காற்று இறங்கியது.

இரண்டு பேரும் பின்னாலேயே வந்தீர்கள். சயான் திருப்பம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒடித்தேன். வீல் கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான், நெளியாமல் நின்றது மைனி! திரும்பிப் பார்த்தேன். அண்ணன் என் பின்னால் ஓடிவரப் பார்க்கிறான், நீங்கள் அவன் சட்டையைப் பிடித்து இழுக்கிறீர்கள். "விடுங்க, போவட்டும்" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ரிட்டையர் ஆகும்வரை அந்தக் கம்பெனியில் இருந்தேன். வண்டி துருப்பிடித்து மாறியது, டயர் எத்தனையோ மாறியது. அந்த இடது வீலை மட்டும் நான் மாற்றவிடவில்லை. "மானம் போவுதுட்டி, குடு, சரியாக் கோத்துத் தாரேன்" என்று நீங்கள் எத்தனை தடவை கெஞ்சினீர்கள்! மாட்டேன் என்றேன். உங்களைச் சீண்டத்தான் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம் என்று ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

நேற்று அந்த ஆளும் அதையேதான் கேட்டார், கழற்றிச் சரியாகப் பூட்டித் தரட்டுமா என்று. வேண்டாம் என்று சொல்லி, ரப்பர்க் குழாயை நானே மடக்கிக் கம்பிகளுக்கு நடுவே திணித்துப் பிடித்துக்கொண்டேன். அவர் அடித்தார். வெயில் ஏறுகிறதே, யாராவது கூட்டிப்போக வருவார்களா என்று கேட்டார்.

யாரும் வரவேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் அங்கேயே நிழலில் இருந்து, எதிர்க் கடையில் ஒரு டீ வாங்கிக் குடித்தேன். அப்புறம் என் நேரத்துக்குக் கிளம்பினேன், மைனி.