சிப்பாய் படுத்த லுங்கி

அன்பு செல்விக்கு,

குவைத்துலேருந்து ரஞ்சித். நான் நல்லா இருக்கேன். நீயும் உங்கம்மாவும் சௌக்கியந்தானே? நம்ம நாய் சிப்பாய் சௌக்கியமில்லேன்னு நீ அனுப்பின வீடியோவுலயே பாத்துட்டேன். போன்ல பேசினா கத்திடுவேன்னுதான் எழுதுறேன்.

காணும் பொங்கலுக்குக் கரைவெட்டி ஏரிக்கு வேன்ல போனீங்க, சரி. வழி நெடுக அவன் ஊளையிட்டதுக்கு என்னா சிரிப்பு! 'குளுருக்குப் பயப்படுறான்'னு உங்கண்ணன் நையாண்டி வேற. மார்கழிப் பனியில என்கூட வயக்காட்டுல காவல் படுத்தவன்டி அவன்! எந்த வண்டியில ஏத்தினாலும் என் பழைய லுங்கியை விரிச்சாத்தான் அடங்குவான், உனக்குத் தெரியாதா? லுங்கி எங்கேன்னு மெசேஜ்ல கேட்டா, 'கிழிசல்தானே, போகிக்குக் கொளுத்திட்டோம்'ங்கிற. பழசைத்தான் கொளுத்தணும்னா உங்கண்ணன் வேன் சீட்டைக் கொளுத்தியிருக்கலாமே! என் வேர்வை வாசம் இருந்த துணி வூட்ல அது ஒண்ணுதான். இனிமே அவன் எதை மோந்து பாப்பான்?

இந்தக் கடுதாசி கொண்டு வர்ற லப்பைக்குடிக்காட்டு அனஸ்கிட்ட, நேத்து நான் போட்டுக் கழட்டின சட்டையைக் குடுத்து வுட்டிருக்கேன். டூட்டிக்கு வண்டி வந்துடுச்சு. ஒண்ணே ஒண்ணு, அதைத் தொவைச்சுடாதே. ரெண்டு நாள் நீ வச்சிருந்துட்டு, அப்புறம் சிப்பாய்க்குக் குடு.

ரஞ்சித்குமார்