கட்டைவிரல் அளவு மலை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் மருமகளும் பேத்தியும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே இந்த முறை வாய் கூசுகிறது. போன மாதம் நீ போனில், அம்மா, இங்க பக்கத்து எரிமலை சரியில்ல, பாப்பா சாம்பல்ல இருமிக்கிட்டே இருக்கா, வேலைய விட்டுட்டு வந்துடட்டுமா என்று கேட்டாய். நான் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. உலகத்துலயே பெரிய எரிமலைக்குப் பக்கத்துல அவனவன் வீடு கட்டியிருக்கான், நீ ஒரு மண்மேட்டுக்குப் பயந்து ஓடி வர்றியே, எதிர்வீட்டுத் தையல்காரி சிரிப்பாடா என்றேன். சரிம்மா என்று வைத்துவிட்டாய்.

அந்தத் தையல்காரி என் சட்டையின் கையை இறுக்கித் தைத்துவிட்டு, நீங்கதான் பெருத்துட்டீங்க என்று நாலு பேர் முன்னால் சொன்னவள், அதை நான் இன்றுவரை விடவில்லை. உன் மலையைக் காட்டிப் பெருமையடிக்கத்தான் ஞாயிற்றுக்கிழமை அவளை அறிவியல் கண்காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனேன். உலகத்து எரிமலைகளையெல்லாம் ஒரே கணக்கில் சிறிதாக்கி ஒரு மேஜையில் வைத்திருந்தார்கள். பெரியது பாதி மேஜையை அடைத்துக்கொண்டு கவிழ்த்த தட்டு மாதிரி படுத்திருந்தது. உன்னுடையது கட்டைவிரல் அளவுதான். இதுக்கா இவ்வளவு அலட்டல் என்று அவள் சிரித்தாள், எனக்கு மானம் போயிற்று. அப்போது அங்கே விளக்கம் சொல்லும் பெண் ஒரு பொத்தானை அழுத்தினாள். உச்சியில் இருந்த சிவப்பு விளக்குகள், வருஷங்கள் ஒவ்வொன்றாக ஓட ஓட, அந்தந்த மலை வெடித்த வருஷங்களில் எரியுமாம். பெரியது எப்போதாவது மினுங்கியது, அது வெடித்தாலும் பெரும்பாலும் பால் பொங்கி வழிகிற மாதிரிதானாம். உன்னுடையது அணையவே இல்லை. சின்னதுதானேம்மா என்றேன். உருவத்துல ஒண்ணும் இல்ல பாட்டி, இது வெயிட் அடைச்சுக்கிட்ட குக்கர், எப்ப மூடி பறக்கும்னு சொல்ல முடியாது என்றாள். தையல்காரியின் சிரிப்பு நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா, புள்ளைய உடனே வரச் சொல்லுங்க என்றாள். வருகிறேன் என்றவனை, இவள் சிரிப்பாளே என்று தடுத்தவள் நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டு வீடு வந்தேன்.

அதன்பிறகு உன்னைக் கூப்பிட்டும் சொல்ல நா எழாமல் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன். அதனால்தான் எழுதுகிறேன், அப்பா இதைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புவார். வேலை போனால் போகிறது, குடும்பத்தோடு கிளம்பி வா. வந்த அன்றைக்கே உன்னை எதிர்வீட்டுக்குக் கூட்டிப்போய், இவனை வராதேன்னு சொன்னவ நான்தான் என்று நானே சொல்கிறேன், அவள் வயிறு வலிக்கச் சிரிக்கட்டும்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். வண்டி ஏறும்வரை பாப்பாவின் முகமூடியைக் கழற்றாதே.

உன் மலையை மண்மேடு என்று சொன்ன
அம்மா