எல்லாரும் எதற்குச் சிரித்தார்கள்

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கினால், ஊரே எழுதுவதை நீயும் எழுதாதே என்று திட்டுவாய். அதனால் நலம் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று மட்டும் அம்மா கேட்கச் சொன்னாள்.

பல்கலைக்கழகத்திலேயே உனக்குப் பகுதி நேர வேலை கொடுத்திருக்கிறார்கள் என்பதை அப்பா அச்சகம் முழுக்கச் சொல்லிவிட்டார். வாரத்துக்குப் பத்து மணி நேரம் வேலை, பதிலுக்கு விடுதியில் இடம் இலவசம் என்பது வரை சொல்கிறார். என்ன வேலை என்று கேட்டால் மட்டும் "படிப்பு சம்பந்தப்பட்டதுதான்" என்று மழுப்புகிறார். நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை என்று பக்கத்துப் பெஞ்சுக்காரியிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

என் பத்தாம் வகுப்புத் தமிழ் ஆசிரியைக்குக் கடிதம் என்றால் விடுப்பு விண்ணப்பம் மட்டும்தான். உன் கடிதங்களை வைத்துத்தான் நான் எழுதக் கற்றுக்கொள்கிறேன். ஒன்றும் விடாமல் எழுது.

உன் அன்புத் தங்கை,
புத்தகப்புழு


ஜூலை 15

புத்தகப்புழுவுக்கு,

பந்தயத்தில் தோற்றாய். நூலகத்தில் இடம் இல்லையாம். வேலைப் பிரிவில் முத்திரையம்மா என்று ஒருத்தி இருக்கிறாள். கையை நீட்டினால் கையிலும் முத்திரை குத்துவாள். அவள் கொடுக்கும் வேலைகளைப் பார்: ஒருவன் தாழ்வாரத்துத் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறான், இன்னொருவன் விளையாட்டு அறையில் பந்து எண்ணுகிறான். பட்டம் வாங்குவதற்குள் பந்து எண்ணுவதில் மேதை ஆகிவிடுவான்.

எனக்குக் கிடைத்தது குறிப்பெழுதும் வேலை. முதலாம் ஆண்டில் ஒருவனுக்குக் காது கேட்காது. உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வான். மீதிப் பாதிக்கு நான். பக்கத்தில் உட்கார்ந்து, 'வகுப்பில் கேட்கும் அனைத்தையும்' எழுதி, மணி அடித்ததும் தாளைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். அனைத்தையும் என்பது நிபந்தனைத் தாளில் இருக்கும் சொல். பாடமோ புள்ளியியல், நான் போன வருடமே முதலாவதாகத் தேறியது. அதை எடுப்பவர் நாலு சொல்லுக்கு ஒரு தரம் தொண்டையைச் செருமுகிறவர், அதனால் அவர் பெயர் செருமல். என் பக்கத்து ஆளுக்குச் சிலை என்று பெயர் வைத்திருக்கிறேன். வகுப்பே சிரிக்கும்போது அவன் மட்டும் நேராக உட்கார்ந்திருப்பான்.

நேற்றுச் செருமல் அரை மணி நேரம் மாமியார் புராணம் பாடினார். அவர் மாமியார் வீட்டுச் சுவர்க்கடிகாரம் எப்போதும் சரியாகப் பத்து நிமிடம் முந்தி ஓடுமாம். மாமனார் கைக்கடிகாரம் ஒரு நாள் ஐந்து நிமிடம் முந்தும், மறுநாள் ஏழு நிமிடம் பிந்தும். யாரை நம்புவது என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார்: "மாமியாரைத்தான் நம்பணும். அவங்க எவ்வளவு பொய் சொல்வாங்கன்னு நமக்கு முன்னாலேயே தெரியும், அதைக் கழிச்சுக்கலாம். மாமனார் என்னைக்கு எந்தப் பக்கம் சாய்வார்னு கடவுளுக்கே தெரியாது." பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். நான் பேனாவை மூடிவிட்டேன். பாட்டனார் பாட்டியார் வரும் வரை எழுத எனக்கென்ன தலையெழுத்தா? அன்றைய வகுப்பை ஒன்றேகால் பக்கத்தில் முடித்தேன். சாரம் மட்டும்.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

மாமியார் கடிகாரத்தை வகுப்பில் சொன்னேன். கணக்கு ஆசிரியரே சிரித்துவிட்டு, இது நல்ல உதாரணம், எங்கே படித்தாய் என்றார். எங்கள் வீட்டுக் கடிகாரம் எந்த வகை என்று மூன்று நாள் வானொலியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மாமனார் வகை.

ஒரு சந்தேகம். கோபிக்காதே. உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அன்றைக்கு என்ன நினைத்திருப்பார்? சுற்றிலும் எல்லாரும் பெஞ்சைத் தட்டும்போது பெஞ்சு அதிர்வது அவருக்குத் தெரிந்திருக்கும் அல்லவா?

உன் அன்புத் தங்கை,
புத்தகப்புழு


ஆகஸ்ட் 20

புத்தகப்புழுவுக்கு,

தெரிந்திருக்கிறது. மறுநாளே ஒரு துண்டுத்தாளை என் பக்கம் தள்ளினான். முத்து முத்தான கையெழுத்து: 'நேற்று எல்லாரும் எதற்குச் சிரித்தார்கள்?' கீழே 'முக்கியமில்லை' என்று எழுதித் திருப்பித் தள்ளினேன். விடுகிறானா? வாரம் இரண்டு துண்டுத்தாள் வருகிறது. 'எதற்குச் சிரித்தார்கள்?' 'கடைசி வரிசை மாணவி என்ன கேட்டாள்?' 'பேராசிரியர் ஏன் கோபப்பட்டார்?' பாடம் படிக்க வந்தானா, வம்பு கேட்க வந்தானா? 'முக்கியமில்லை' என்று முத்திரையம்மாவிடம் ஒரு முத்திரை செய்து வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

அவனுக்கும் இங்கே பகுதி நேர வேலை உண்டு. சோதனைக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவுகிறான். ஒரு பாடத்தில் தவறினாலும் வேலை போய்விடும், வேலை போனால் விடுதி போய்விடும். அவ்வளவு பயம் இருக்கிறவன் சாரத்தைப் படித்தால் போதாதா?

அக்கா


அக்டோபர் 9

தங்கைக்கு,

இங்கே ஒரு சில்லறைத் தகராறு. வீட்டில் வாயைத் திறக்காதே.

அரையாண்டுத் தேர்வில் செருமல் இருபது மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி போட்டார்: 'மாமியார் கடிகாரம், மாமனார் கடிகாரம், இரண்டில் எதை நம்பலாம்? ஏன்?' வேறு விளக்கமே இல்லை. பல்கலைக்கழகத் தேர்வா, பட்டிமன்றமா? சிலை அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறான். ஒன்பது மதிப்பெண் குறைந்து தவறிவிட்டான். இப்படி ஒரு கடிகாரத்தையே எனக்கு யாரும் சொல்லவில்லை என்று வேலைப் பிரிவில் மனுக் கொடுத்திருக்கிறான். குறிப்பில் குறை இருந்தது என்று நிரூபணமானால் நவம்பர் 20ஆம் தேதி அவனுக்கு மறுதேர்வு.

முத்திரையம்மா என்னைக் கூப்பிட்டு, "எல்லாம் எழுதினியாம்மா?" என்று கேட்டாள். எழுதினேன், இரண்டாம் தாளை அவன் தொலைத்திருப்பான் என்றேன். நம்பிவிட்டாள். முதல் மாணவி சொல்வதை நம்பாமல் குடுவை கழுவுகிறவன் சொல்வதையா நம்புவாள்?

அக்கா


அக்டோபர் 16

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். பிறகு ஒரு தாளை எடுத்து அந்தத் தேர்வுக் கேள்விக்கு விடை எழுதிப் பார்த்தேன். ஒரே பக்கம் மாறாமல் வரும் பிழையைக் கழித்துவிடலாம், தாறுமாறாக வரும் பிழையைக் கழிக்க முடியாது என்று ஒன்றரைப் பக்கம் வந்தது. கணக்கு ஆசிரியரிடம் காட்டினேன். இருபதுக்குப் பதினெட்டு போட்டார்.

நான் பத்தாம் வகுப்பு. உன் பல்கலைக்கழகத்தை நான் பார்த்ததுகூட இல்லை. அங்கே நடந்த பாடம் ரயிலில் ஏறி ஒரு பகல் ஓர் இரவு பயணம் செய்து என் மேஜைக்கு வந்திருக்கிறது. உன் பக்கத்து நாற்காலிக்குப் போகவில்லை. எனக்கு எழுதும்போது உனக்குக் கை வலிக்கவே இல்லை. செருமல், சிரிப்பு, பெஞ்சு எல்லாம் எழுதினாய். அவருக்கு எழுதும்போது மட்டும் பேனாவை மூடினாய்.

நீயும் மாமியார் கடிகாரம்தான், அக்கா. உன் பிழை எப்போதும் ஒரே பக்கம். உனக்குக் கீழே இருப்பதாக நீ முடிவு செய்துவிட்டவர்கள் பக்கம்.

போய் உண்மையைச் சொல்லு. இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது.

தங்கை


அக்டோபர் 25

பெரிய மனுஷிக்கு,

நாலு கதைப்புத்தகம் படித்த கர்வத்தில் எனக்கு நீதி சொல்ல வந்துவிட்டாய். நான் உண்மையைச் சொன்னால் வேலை போகும். விடுதி போகும். அப்பா அச்சகத்தில் யார் முகத்தில் விழிப்பார்? யாரோ ஒருவன் ஒரு மாமியார் ஜோக்கைக் கேட்கவில்லை என்பதற்காக நான் மூட்டை கட்ட வேண்டுமா? அவன் அடுத்த வருடம் எழுதட்டும். குடுவை எங்கேயும் ஓடிப்போகாது.

என் கடிதங்களை எல்லாம் கிழித்துப் போடு. கிழித்ததும் எழுது.

அக்கா


நவம்பர் 16

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை.

உன் கடைசிக் கடிதம் வந்த அன்று மாலையே எல்லாவற்றையும் அப்பாவிடம் கொடுத்தேன். அச்சுப்பிழை பார்க்கிறவர் அல்லவா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். மாமியார் கதை வந்தபோது அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆகஸ்ட் மாதக் கடிதத்தில் நிறுத்திவிட்டார், மீதியை நான்தான் படித்துக் காட்டினேன். "இவ்வளவு நல்லா எழுதத் தெரிஞ்சவ" என்றார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அம்மாதான், "அவளே போய்ச் சொல்லட்டும், ஒரு வாரம் பொறுப்போம். நம்ம பொண்ணுதானே" என்றாள். அம்மாவுக்காக ஒரு வாரம் பொறுத்தோம். உன்னிடமிருந்து வந்தது, 'கிழித்தாயா?' என்று ஒற்றை வரி அஞ்சலட்டை.

மறுநாள் காலை உன் ஜூலைக் கடிதத்தையும் அக்டோபர்க் கடிதத்தையும் வேலைப் பிரிவுக்கு அனுப்பினேன். உறையின் மேல் முகவரி எழுதியது அப்பா. என் கையெழுத்தைவிட அவர் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்றார். மறுதேர்வுக்கு உன் பக்கத்து நாற்காலிக்காரர் பெயரைச் சேர்த்துவிட்டதாக வேலைப் பிரிவு அம்மாள் பதில் போட்டிருக்கிறார். கனிவான கடிதம். ஒரே ஒரு முத்திரைதான் இருந்தது. உன்னைப் பற்றி உனக்கே எழுதுவார்களாம்.

இன்னொரு கடிதம் துறை முகவரிக்கு, அவருக்கு எழுதினேன். கடிகாரக் கதையை, பெஞ்சைத் தட்டியது உட்பட, ஒன்றும் விடாமல் எழுதினேன். நான் யார் என்பதையும் எழுதினேன்.

நேற்றுப் பதில் வந்தது. 'கடிகாரத்துக்கு நன்றி. விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்' என்று இரண்டே வரி. கூடவே ஒரு பட்டியல். ஜூலை முதல் அக்டோபர் வரை முப்பத்தொரு தேதிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'எல்லாரும் சிரித்தார்கள்' அல்லது 'எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்' என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறார். இவற்றில் ஏதாவது தெரியுமா என்று என்னிடம் கேட்கிறார்.

எனக்குக் கடிகார நாள் ஒன்றுதான் தெரிந்தது, நிரப்பிவிட்டேன். மற்ற முப்பது நாளும் அந்த அறையில் காது கேட்கும்படி உட்கார்ந்திருந்தவள் நீ. முக்கியமில்லை என்று முடிவு செய்தவளும் நீ. மறந்துவிட்டதென்று சொல்லாதே. நீ எதையும் மறக்க மாட்டாய், கேலி செய்ய உதவும் என்றால்.

பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். நிரப்பி அவரிடம் கொடு. எனக்கு எழுத வேண்டாம்.

தங்கை