அப்பா இரண்டு தடவை தூக்கிய அட்டை

அன்பு மகன் கிளேட்டனுக்கு அம்மாவின் ஆசிகள். இங்கே நாங்கள் மூவரும் சுகம், அங்கே அலாஸ்காவில் கடலும் குளிரும் உன்னை அதிகம் படுத்தாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் எங்கள் பிரார்த்தனை. அண்ணா, இதுவரை அம்மா சொன்னது, கையெழுத்து உன் தங்கை கொரினாகிய என்னுடையது. அம்மாவின் வலது கையில் சூப் கொட்டிவிட்டது, பயப்படாதே, கொப்புளம் வற்றிவிட்டது, பேனாதான் பிடிக்க முடியவில்லை. அவள் அடுப்பருகே உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன், அவள் பார்க்காத இடங்களை நான் பார்த்தபடி சேர்த்துக்கொள்கிறேன்.

பனி கரைந்து சாலையெல்லாம் சேறு, தபால் வண்டி நம் வளைவில் புதைந்து அப்பாதான் டிராக்டரைக் கட்டி இழுத்தார். மேப்பிள் மரங்களில் பால் நன்றாக இறங்குகிறது, அதைக் காய்ச்சி எடுத்த பாகு இந்த வருடம் வெளிர்நிறமாக வந்திருக்கிறது. நீ ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவதால் அப்பாவின் சேதிகள் உனக்குத் தெரிவதில்லை. கிளம்பும் முன் நீ அவரிடம், உங்களுக்கு உங்க நிலத்தையும் வரியையும் தவிர இந்த ஊர்ல வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாது என்று சொன்னது அம்மாவுக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் வரவுசெலவை ஊரே ஓட்டுப்போட்டு முடிவுசெய்யும் வருடாந்திர ஊர்க் கூட்டத்தில் நடந்ததை ஒன்று விடாமல் எழுதச் சொல்கிறாள்.

இந்த வருடம் பள்ளி வாரியம் கேட்ட தொகைக்கு ஊர் சம்மதிக்காவிட்டால், நம் பள்ளியில் ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் மூடப்படும், நாங்கள் மலைக் கணவாய் தாண்டிப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு பஸ்ஸில் போக வேண்டும். சம்மதித்தால் எல்லார் வீட்டுச் சொத்து வரியும் ஏறும். நான் ஏழில் இருக்கிறேன், பனிக்காலத்தில் அந்தக் கணவாய் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். வாரியத் தலைவி நடீன் குளிர்காலம் முழுக்க வீடு வீடாகப் போய்ப் பேசினார். நம் வீட்டுக்கும் வந்தார், அப்பா அவருக்குக் காபி கொடுத்து உட்காரவைத்து, ஏரிக்கரையில பணக்காரங்க மாளிகை கட்டக் கட்ட என் காட்டு விலையும் ஏறுதாம், மரம் என்னமோ அதே மரம்தான் நடீன், அது எங்கேர்ந்து கூடுதல் வரி கட்டும், நியூ ஹாம்ப்ஷயர்ல பிறந்தவனுக்கு வருமான வரி இல்லைன்னு பேரு, எல்லாத்தையும் சேர்த்து வீட்டு மேலதான் போடுறீங்க என்றார். அவர் சொன்னதும் பொய் இல்லை. அன்றிலிருந்து இந்தப் பேச்சைச் சாப்பாட்டு மேசையில் எடுப்பதில்லை என்று அம்மாவும் அப்பாவும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள்.

கூட்டத்தன்று மதியச் சாப்பாடு போடுவது எப்போதும் போல எங்கள் இரண்டு வகுப்புப் பெற்றோர்களின் பொறுப்பு. சுட்ட பீன்ஸ், சோளச் சூப், மேப்பிள் பாகில் செய்த பை பலகாரம். எங்களுக்காகக் கை தூக்க வேண்டிய அத்தனை பேரும் காலையிலிருந்து மண்டபத்துச் சமையலறையில்தான் இருந்தார்கள், ஓட்டுப்போடும் மஞ்சள் அட்டைகளை ஏப்ரன் பாக்கெட்டில் செருகிக்கொண்டு. பாத்திரச் சத்தம் காதைப் பிளக்குது, கதவைச் சாத்துங்கம்மா என்று கூட்டத்தை நடத்தும் ஹோபர்ட்தான் சாத்தச் சொன்னார். புதுத் தீயணைப்பு வண்டி வாங்குவதா என்ற சண்டை மதியம் வரை இழுக்கும், பள்ளி விஷயம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் என்று எல்லாரும் நம்பியிருந்தோம். ஆனால் தீயணைப்புத் தலைவர் எழுந்து, பழைய வண்டி இன்னொரு வருஷம் ஓடும், இப்ப வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். ஹோபர்ட் சரி அடுத்தது என்றார், அடுத்தது நாங்கள். ஓட்டு இல்லாதவர்களுக்கான ஓரத்து பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன், அங்கிருப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது. நடீன் பேசி முடித்தார், சாத்திய கதவுக்குள் இருந்தவர்களுக்குத் தெரியாமலே அட்டைகள் எழுந்தன. வேண்டாம் என்ற பக்கத்தில் அப்பாவின் அட்டையும் இருந்தது. தீர்மானம் தோற்றது.

கை தட்டல் கேட்டு அம்மா கதவைத் திறந்து எட்டிப்பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்டு, சொன்னதும் தூக்கிவந்த சூப் பானையைக் கையில் சாய்த்துக்கொண்டாள். ஏப்ரனோடு அத்தனை பேரும் வெளியே வந்து நின்றார்கள். நடீன் மறுபடி ஓட்டெடுக்கச் சொன்னார். ஹோபர்ட் நல்ல மனிதர்தான், ஆனாலும் விதி விதிதானே, தோத்த பக்கம் கேக்க முடியாதும்மா, ஜெயிச்ச பக்கத்துலேர்ந்து யாராவது கேட்டாதான் உண்டு என்றார். அப்பாவின் நண்பர் வெர்ஜில், இனி இதை யாரும் கிளறக் கூடாதுன்னு ஒரு தீர்மானம் போட்டுடலாம் என்று எழுந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் எழுந்தது நம் அப்பா.

தொப்பியைக் கழற்றி அதைத் திருகிக்கொண்டே சொன்னார், நான் வேண்டாம்னுதான் தூக்கினேன் ஹோபர்ட், இப்பவும் மனசு மாறலை, ஆனா நமக்குச் சாப்பாடு பண்ணிக்கிட்டு உள்ள நின்னவங்களை வெளியில விட்டுட்டு ஜெயிச்சா அதை ஜெயிச்சதா நான் சொல்லிக்க மாட்டேன், மறுபடி எடுங்க என்று. வெர்ஜில் விடவில்லை, என்ன மெரில், பொண்டாட்டி லோர்னா கரண்டிக்குப் பயந்துட்டியா என்றார். மண்டபமே சிரித்தது. அப்பாவும் சிரித்து, கரண்டிக்குக் கல்யாணத்தன்னிக்கே பயந்தாச்சு, இது வேற விஷயம், நீ உக்காரு என்றார். மறுபடி எடுக்கலாமா என்று ஹோபர்ட் கேட்டபோது அப்பாவின் பக்கத்திலேயே பாதிப் பேர் சம்மதித்துவிட்டார்கள். பீன்ஸ் வாசனையும் ஒரு காரணம் என்கிறாள் அம்மா, அப்படி எழுதாதே என்றும் சொல்கிறாள், எழுதிவிட்டேன்.

சாப்பாடு முடிந்து மீண்டும் முழு விவாதம் நடந்தது. அன்றைக்கு வெயில் ஏறி மரத்துப் பால் வாளிகள் நிரம்பி வழியும் என்று அப்பாவுக்குத் தெரியும், ஆனாலும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. ஓட்டெடுப்பு வந்ததும் அம்மா ஈரத் துண்டு சுற்றிய கையோடு அவர் பக்கத்தில் போய் நின்று, வேண்டும் என்று இடது கையால் அட்டையைத் தூக்கினாள். அப்பா வேண்டாம் என்று மறுபடி தூக்கினார், கொஞ்சமும் மறைக்காமல், கை முழுக்க நீட்டி. ஒருசில அட்டை வித்தியாசத்தில் தீர்மானம் ஜெயித்தது. எங்கள் வகுப்பு இங்கேயே இருக்கிறது அண்ணா, நான் எட்டாம் வகுப்பையும் நம் ஊரிலேயே படிப்பேன்.

வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். நான் அப்பாவிடம், ஏன்பா ரெண்டாவது தடவையும் வேண்டாம்னீங்க என்று கேட்டேன். என் கருத்து அதுதானேம்மா, அதை நான் மாத்திக்கலையே, ஊர்தான் மாத்துச்சு என்றார். பிறகு ஏறப்போகும் வரியைத் திட்டிக்கொண்டே மரத்துப் பாலைப் பாகாகக் காய்ச்சப் போனார். அம்மா ஒளித்துவைத்திருந்த கடைசிப் பை பலகாரத் துண்டைப் பாகு காய்ச்சும் கொட்டகைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். பள்ளிக்காகக் கை தூக்கியவர்களை எண்ணிச் சொல்ல நிறையப் பேர் இருக்காங்க, கை தூக்காதவர் செய்ததை நீதான் அவனுக்கு எழுதணும் என்று அம்மா என்னிடம் சொன்னதும் அப்போதுதான்.

இனி அம்மா சொல்வது. மகனே, காதுக்குக் குல்லாய் போடு, படகில் வழுக்காத பூட்ஸையே போடு, வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன்னைக் கரையிலும் கடலிலும் காப்பாற்றட்டும். உன் அப்பா ஒரு டின் பாகு கட்டிவைத்திருக்கிறார், உன் பேரை அவர் கையாலேயே எழுதினார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது என்னிடம் பேசியதும் வைத்துவிடாதே. அப்பாவிடம் கொடுங்கள் என்று சொல். அவர் பக்கத்தில்தான் நிற்பார், எப்போதும் அங்கேதான் நிற்கிறார்.

இடது கையால் ஒப்பமிடும்,
உன் அம்மா லோர்னா